பொருந்தும் கொடை

விழா என்றால் கொடை என்பது நம்மவர் மரபு. கோயிலிற் கொடியேறினால் உபயகாரர் முன்வருவர். கல்லூரிக்கு விழா ஆண்டு பிறந்தாற் பழைய மாணவர் முன்வருவர். ஒரு காலத்தில் அவர்கள் அளித்தவை கட்டடத்துக்குக் கல்லும் மண்ணும், நூல்நிலையத்துக்கு அலுமாரியும் புத்தகமும், விளையாட்டுக்குப் பந்தும் மட்டையுமாக இருந்தன. இவற்றுள் எதனை எவர் கொடுத்தாலும் அது பயன்பட்டது. இலண்டனில் வாங்கிய புத்தகம் கொட்டாஞ்சேனை அலுமாரியில் அடங்க மறுத்ததில்லை. இன்று கொடையாளர் மனம் பெரிதும் நாடுவது கணினியை. அதுவும் நன்றே. ஆயினும் கணினி புத்தகம் போன்ற பொருளன்று. அதன் உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றிப் பயன் தாரா. பொருத்தம் அறியாது கொடுக்கும் கொடை, கொடுத்தவர்க்குப் புகழையும் பெற்றவர்க்குத் தூசி தட்டும் வேலையையும் மாத்திரமே தரும். பிறரைக் குறைகூறுதற்காக இதனை எழுதவில்லை. யானே அவ்வாறு கொடுத்தவன் என்பதனாலேயே எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளின் முன் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது, ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்துக்கென எட்டு நினைவகத் தகடுகள் வாங்கிவந்தேன். கடைக்காரர் ‘றாம்’ என்று சுருக்கமாகச் சொல்லும் பொருள் அது. கணினி தான் செய்துகொண்டிருக்கும் வேலையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் இடம் அதுவே. அது போதாதாயிற் கணினி ஆமைபோல் நகரும். ஆசிரியர் மகிழ்ச்சியோடு ஒரு கணினியின் பக்க மூடியைக் கழற்றினார். உயர்தர வகுப்பு மாணவர் சூழ நின்றனர். தகடு தனக்குரிய செருகுவாயில் இறங்கவில்லை. திருப்பிப் பிடித்துப் பார்த்தார், அப்போதும் இறங்கவில்லை. யான் கொண்டுவந்தவை டீ.டீ.ஆர். 4 என்னும் நான்காந் தலைமுறைத் தகடுகள். அக்கணினிகளோ மூன்றாந் தலைமுறைக்கு உரியவை. அவ்வேளையில் ஒரு மாணவன், “சேர், இந்த வாயிலை போகாட்டி, கீழை சும்மா கிடக்கிற அந்த நீள வாயிலை போட்டாற் சரிவராதோ?” என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தனர். யானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியிலே அச்சிரிப்பு என்னை உறுத்தியது. ஏன் சரிவராது என்பதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அவன் சுட்டிக் காட்டியது விரிவாக்க அட்டைகளுக்கு உரிய செருகுவாய். கணினியின் தாய்ப்பலகையை உற்று நோக்குவார்க்கு இருவகைச் செருகுவாய்கள் தெரியும். மத்திய செயலியை ஒட்டி, இரு முனையிலும் கொளுவியோடு அமைந்திருப்பவை நினைவகத்துக்கு உரியவை. சற்று அப்பால், கணினியின் பின்புறத்தை நோக்கி அமைந்திருப்பவை, படம் காட்டும் அட்டை, ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை முதலியவற்றை ஏற்பவை. இரண்டும் நீண்டவை, இரண்டிலும் பொன்னிறத் தொடுமுனைகள் வரிசையாக உள்ளன. பார்த்த அளவில் ஒரே குலம் போலத் தோன்றுதலின், ஒன்றிற் செல்லாதது மற்றொன்றிற் செல்லுமோ என ஒரு சிறுவன் எண்ணுவது இயற்கையே.

இயற்கை என்பது மாத்திரமன்று. ஒரு காலத்தில் அவன் கூறியதே உண்மையாயும் இருந்தது. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த அல்ரெயர் 8800 என்னும் சிறு கணினியில், நூறு தொடுமுனை கொண்ட ஒரேவகைச் செருகுவாய்களே இருந்தன. மத்திய செயலியைத் தாங்கிய பலகையும், நினைவகப் பலகையும், பிற கருவிகளை இணைக்கும் பலகையும் அவ்வாய்களிலேயே அடுத்தடுத்து அமர்ந்தன. 1981 ஓகஸ்ற் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. அதன் தாய்ப்பலகையில் 64 கிலோபைற்று வரை நினைவகச் சில்லுகளைப் பொருத்தலாம். அதற்கு மேல் வேண்டுவோர், 62 தொடுமுனை கொண்ட ஐந்து விரிவாக்கச் செருகுவாய்களுள் ஒன்றிலே நினைவக அட்டையைச் செருகினர். அந்நாளில் நம் மாணவன் அவ்வினாவைக் கேட்டிருப்பின், “ஆம் தம்பி, அங்கேதான் போடவேண்டும்” என்பதே விடையாகியிருக்கும்.

பின்னர் இவ்விரண்டும் ஏன் பிரிந்தன? விரைவே காரணம். ஐ.பி.எம். கணினியின் செயலி 4.77 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. விரிவாக்கச் செருகுவாயும் அதே வேகத்தில் இயங்கியது. ஆகவே நினைவகம் எங்கிருப்பினும் இழப்பில்லை. 1986 இல் கொம்பாக் நிறுவனம் வெளியிட்ட டெஸ்க்புறோ 386 என்னும் கணினியின் செயலியோ 16 மெகாஹேட்ஸ் வேகம் உடையது. விரிவாக்கச் செருகுவாயையும் அவ்வேகத்துக்கு உயர்த்தின் முன்னர் விற்கப்பட்ட அட்டைகள் யாவும் பயனற்றுப்போம். உயர்த்தாதுவிடிற் புதிய செயலி நினைவகத்துக்காகக் காத்துக்கிடக்கும். இரண்டுக்கும் இடம் வைத்து, நினைவகத்துக்குத் தனிப் பாதையும், அட்டைகளுக்கு 8 மெகாஹேட்ஸ் அளவிலான பழைய பாதையும் அமைத்தனர். அன்று பிரிந்த வழிகள் பின்னர் மேலும் விலகின. இன்று டீ.டீ.ஆர். 4 3200 வகைத் தகடு ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைற்றுத் தரவை வழங்கவல்லது. விரிவாக்கத்துக்குரிய பீ.சீ.ஐ. எக்ஸ்பிரஸ் மூன்றாந் தலைமுறையின் தனித்தடச் செருகுவாய் ஒன்று ஏறத்தாழ 1 கிகாபைற்றையே கடத்தும். பதினாறு தடங் கொண்ட நீண்ட வாயும் ஏறத்தாழ 16 கிகாபைற்று அளவிலே நிற்கும்.

ஆயினும் வேறுபாடு வேகத்தில் மாத்திரம் இல்லை; அவை பேசும் முறையிலேயே உள்ளது. இலக்கணம் கற்றார்க்கு இதனைப் புணர்ச்சி கொண்டு விளக்கலாம். செருகுவாயை நிலைமொழி என்றும், அதில் வந்து சேர்வதை வருமொழி என்றும் கொள்க. பொன்னும் குடமும் சேருங்கால் பொற்குடம் என ஒலி திரிகின்றது. மரமும் வேரும் சேருங்கால் மரவேர் என ஓரெழுத்துக் கெடுகின்றது. வாழையும் பழமும் சேருங்கால் வாழைப்பழம் என ஓரெழுத்துத் தோன்றுகின்றது. ஒன்றுக்காக மற்றொன்று விட்டுக்கொடுத்தலின் இருமொழியும் ஒருசொல் நீர்மைப்படுகின்றன. விரிவாக்கச் செருகுவாயின் இயல்பு அத்தகையது. 2003 இல் வகுக்கப்பட்ட பீ.சீ.ஐ. எக்ஸ்பிரஸ் நியமத்தின்படி, மின்சாரம் பாய்ந்தவுடன் அட்டையும் செருகுவாயும் தம்முள் முதலில் உரையாடும். ‘உனக்கு எத்தனை தடம்? எவ்வளவு வேகம்?’ என உசாவி, இருவர்க்கும் இயலுகின்ற உயர்ந்த அளவிலே உடன்படும். எனவே 36 தொடுமுனை கொண்ட சிற்றட்டை 164 தொடுமுனை கொண்ட நீண்ட வாயில் இனிதே இயங்கும். பத்தாண்டுக்கு முந்திய அட்டை இன்றைய தாய்ப்பலகையிலும், இன்றைய அட்டை பத்தாண்டுக்கு முந்திய பலகையிலும் பெரும்பாலும் இயங்கும். வேகம் மாத்திரமே குறையும்.

நினைவகமோ அத்தகைய விட்டுக்கொடுப்பை அறியாது. அதற்கும் செயலிக்கும் இடையே 64 தரவுக் கம்பிகள் நேரே ஓடுகின்றன. அவற்றில் ஒவ்வொரு குறியும் வந்துசேர வேண்டிய கணம் நனோசெக்கனினும் நுண்ணிய அளவிலே குறிக்கப்பட்டுள்ளது. விசாரித்து உடன்படுதற்கு அங்கே அவகாசமில்லை. தலைமுறைதோறும் மின்னழுத்தமும் மாறுகின்றது. மூன்றாந் தலைமுறைக்கு 1.5 வோல்ற்று, நான்காவதற்கு 1.2, ஐந்தாவதற்கு 1.1. மூன்றாவதன் தொடுமுனைகள் 240. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் 288. தொகை ஒன்றாயினும் இவ்விரண்டும் தம்முள் மாறிச் செல்லா. ஐந்தாந் தலைமுறையில் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் உறுப்பே தாய்ப்பலகையை விட்டுத் தகட்டுக்கு இடம் மாறிவிட்டது. ஆகவே விரிவாக்கச் செருகுவாய் முதியோரையும் இளையோரையும் ஒருங்கே வரவேற்கும் திண்ணை; நினைவகச் செருகுவாய் உரியவர்க்கே திறக்கும் பெட்டகம். இவ்வேறுபாட்டை அறியாமையே எனது கொடை பயனற்றுப்போனமைக்குக் காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நினைவகத் தகட்டின் கீழ்விளிம்பில் ஒரு சிறு வெட்டு உண்டு. செருகுவாயில் அதற்கு நேரே ஒரு மேடு உண்டு. தலைமுறைதோறும் அவ்வெட்டின் இடம் வேண்டுமென்றே மாற்றப்பட்டுள்ளது. அது தடையன்று, காவல். நம் பழைய வீடுகளிலே 5 அம்பியர், 15 அம்பியர் வட்டமுனைக் குழிகளும், புதிய வீடுகளிலே 13 அம்பியர்ச் சதுரமுனைக் குழிகளும் இருத்தல் யாவரும் அறிந்ததே. சதுரக் குழியின் மேற்றுளையிலே பேனாவைச் செருகித் திறந்து, பொருந்தாத இருமுனைச் செருகியை அழுத்தி நுழைக்கும் கைவன்மையை நம் இல்லங்களிற் காணாதார் யார்? அப்பழக்கத்தைக் கணினிக்குட் காட்டினால் தகடும் பலகையும் ஒருங்கே பழுதாகக்கூடும். செல்லாத ஒன்றை அழுத்தாதே என்பது கணினிக் கூடத்தின் முதற் பாடமாதல் வேண்டும்.

வெட்டுப் பொருந்தினாற் போதுமோ எனின், அதுவும் போதாது. பெருநிறுவனங்களின் வழங்கிக் கணினிகளிலிருந்து கழிக்கப்படும் நினைவகத் தகடுகள் மலிவாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டு அன்பர் பலரின் கைக்கு எளிதில் எட்டுவனவும் அவையே. நான்காந் தலைமுறை வழங்கித் தகடு, அதே தலைமுறைச் சாதாரண மேசைக் கணினியின் வாயிலே தடையின்றி இறங்கும். எனினும் கணினி உயிர்பெறாது. வழங்கித் தகட்டிலே குறிகளை இடைநின்று பெற்று அனுப்பும் ஒரு பதிவுச் சில்லு உண்டு. அதனோடு பழகும் முறையைச் சாதாரணச் செயலி அறியாது. உருவப் பொருத்தம் வேறு, உடன்பாட்டுப் பொருத்தம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, அம்மாணவனின் வினா முற்றும் இறந்துபட்டதோ எனின், அதுவுமன்று. 2005 ஆம் ஆண்டிலே கிகாபைற் நிறுவனம் ஐ-றாம் என்னும் அட்டை ஒன்றை விற்றது. அது விரிவாக்கச் செருகுவாயில் அமர்ந்து, தன்மீது நான்கு நினைவகத் தகடுகளைச் சுமந்தது. ஆனாற் செருகுவாயிலிருந்து அது பெற்றது மின்சாரம் மாத்திரமே. கணினி அதனை நினைவகமாகக் கருதாது, விரைந்த சேமிப்பு வட்டாகவே கருதியது. 2019 இல் வகுக்கப்பட்ட சீ.எக்ஸ்.எல். என்னும் நியமமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. பீ.சீ.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையின் வழியாகவே உண்மையான நினைவகத்தை வழங்கிக் கணினிகளுக்கு ஊட்ட அது வகைசெய்தது. அட்டையிலுள்ள கட்டுப்படுத்தி, இரண்டு உயிரெழுத்துக்கிடையே நிற்கும் உடம்படுமெய் போல, ஒவ்வாத இருதிறத்தையும் ஒன்றாக்குகின்றது. ஆக, யாம் கண்டு நகைத்த வினாவையே உலகின் தலைசிறந்த பொறியியலாளர் தம் மேசையிலே வைத்து ஆராய்ந்தனர். அறியாமையால் நகைத்தவர் யாமே.

இவற்றால் நம் கல்லூரிச் சமூகத்துக்கு யான் சொல்ல விரும்புவது ஒன்றே: கேட்ட பின்னரே கொடுத்தல் வேண்டும், கேட்பார்க்கு விடை கூறும் ஆயத்தமும் கல்லூரியிடம் இருத்தல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலே பஞ்சிகாவத்தையை அறியாதார் இலர். மோட்டார் வண்டியின் உதிரிப்பாகம் வாங்க அங்கே செல்பவர் வெறுங்கையோடு செல்வதில்லை. பழுதான பாகத்தைக் கழற்றிக் கடதாசியிற் சுற்றிக் கையோடு கொண்டு செல்வர். கடைக்காரர் அதனைப் பார்த்தே மற்றதை எடுப்பார். பள்ளிக்கூடம் சென்றறியாத வண்டியோட்டிக்கும் தெரிந்த இந்த ஒழுங்கு, பட்டம் பெற்ற கொடையாளரான எமக்குத் தெரியாமற் போனது வெட்கத்துக்குரியது.

ஆதலிற் கல்லூரிக் கணினிக் கூடத்துக்கு ஒரு பொருத்தப் பதிவேடு வேண்டும். கணினி ஒன்றுக்கு ஒரு வரி போதும்: தாய்ப்பலகையின் பெயர், நினைவகத்தின் தலைமுறை, செருகுவாய் எத்தனை, வெறுமையானவை எத்தனை, ஏற்கக்கூடிய ஆகக்கூடிய அளவு என்ன, விரிவாக்கச் செருகுவாய்கள் எவை என்பன. இதனை ஆசிரியர் மேற்பார்வையில் மாணவரே ஒரு சனிக்கிழமையில் எழுதி முடிக்கலாம். அதன் படியொன்று வெளிநாட்டுக் கிளைச் சங்கங்களின் கையில் இருக்குமாயின், எவரும் என்னைப்போல் எட்டுத் தகடுகளோடு வந்து நாணி நிற்க வேண்டியதில்லை. இயலுமாயிற் பொருளாக அன்றிப் பணமாகக் கொடுத்தல் நன்று. இங்கே வாங்கிய பாகம் பொருந்தாவிடிற் கடைக்குக் கொண்டுசென்று கேட்கலாம். கடல் கடந்து வந்த பாகத்தை எவரிடம் கொண்டு செல்வது?

புதிய கணினி வாங்குங்கால் ஒரு நினைவகச் செருகுவாயேனும், ஒரு விரிவாக்கச் செருகுவாயேனும் வெறுமையாக உள்ளதனையே தேர்தல் வேண்டும் என்பதும் எனது கருத்து. வெறுமையான செருகுவாய் வீணான இடமன்று. நாளைக்கென ஒதுக்கிய இடம். 2022 இல் நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திலர். ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவைக் கடந்தது. அத்தகைய காலத்தில் முழுக் கணினி வாங்க எந்தப் பாடசாலையால் இயலும்? இருப்பதற்கு ஒரு தகடு கூட்டிச் சேர்த்து இன்னும் மூன்றாண்டு ஓட்டுதலே இயல்வது. செருகுவாய் இல்லாத கணினிக்கு அவ்வழியும் அடைபட்டுப்போம்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு ஒட்டிவிடுதலே இன்றைய நாகரிகம், அதனாற் பாதை குறுகி வேகம் கூடுகின்றது, மின்செலவும் குறைகின்றது, மெல்லிய மடிக்கணினிகள் அவ்வாறே அமைகின்றன என்பர். அவர் கூறும் நன்மைகள் உண்மையே. ஒருவர் தம் பையிலே சுமந்து திரியும் கணினிக்கு அது தக்கதே. ஆனாற் பலர் கைபட்டு, சிறுகச் சிறுகச் சேரும் பணத்தால் வளரவேண்டிய பாடசாலைக் கணினிக்கு அது தகாது. கழற்றி மாற்றும் வசதியின் அருமையை உலகமும் மறக்கவில்லை. நினைவக நியமங்களை வகுக்கும் ஜெடெக் என்னும் அமைப்பு, மெல்லிய கணினியிலும் கழற்றி மாற்றத்தக்க காம் 2 என்னும் புதிய தகட்டு நியமத்தை 2023 டிசெம்பரிலே வெளியிட்டமை இதற்குச் சான்று.

வேறொரு வாய்ப்பும் நம்முன் உள்ளது. 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதன் பின்வந்த பதிப்பை ஏற்கமாட்டாத கணினிகளை அலுவலகங்கள் கழித்துவருகின்றன. இவற்றுட் பல, லினக்ஸ் போன்ற விலையில்லா இயக்க முறைமையோடு மாணவர்க்கு இன்னும் பல்லாண்டு உழைக்கத்தக்கவை. கல்லூரியின் பதிவேட்டோடு ஒப்புநோக்கி, நம் கணினிகளோடு பாகம் மாற்றிக்கொள்ளத்தக்கவற்றை மாத்திரம் ஏற்றுக்கொள்வோமாயின் அது செல்வம். வந்தவற்றை எல்லாம் வாங்கி அடுக்குவோமாயின் அது குப்பை. அதுவும் எளிதிற் கழிக்கவொண்ணாத நச்சுக் குப்பை.

இறுதியாக ஒன்று. உயிரியற் கூடத்திலே ஓர் எலும்புக்கூடு நிற்பது போல, கணினிக் கூடத்திலே மூடி கழற்றிய பழைய கணினி ஒன்று எப்போதும் மேசைமீது இருத்தல் வேண்டும். உயர்தர வகுப்பிலே தாய்ப்பலகையின் படத்தை வரைந்து பெயர் குறிக்கும் மாணவர் பலர், அதனைக் கையால் தொட்டறியார். ஒரு தகட்டை எடுத்து, வெட்டினைப் பார்த்து, உரிய வாயில் வைத்து, இருபுறமும் கொளுவி ஏறும் ஒலியைத் தம் செவியாற் கேட்பாராயின், பத்துப் பக்கக் குறிப்பினால் வராத தெளிவு அவர்க்கு அங்கே வந்துவிடும். பொருந்தாதது ஏன் பொருந்தவில்லை என்று வினவும் துணிவும் அங்கேதான் பிறக்கும்.

யான் கொண்டுசென்ற எட்டுத் தகடுகளையும் பின்னர் நான்காந் தலைமுறைக் கணினி உள்ள வேறொரு பாடசாலை பெற்றுக்கொண்டது. அவை வீண்போகவில்லை. ஆனால் அம்மாணவனின் வினாவுக்கு அன்று யான் விடை கூறவில்லை. அது கடனாக நின்றது. இவ்விழா மலர் அவன் கண்ணிற் படுமாயின் அக்கடன் தீர்ந்ததாகக் கொள்வேன். பதிவேட்டின் முதற் பக்கத்தை விழா ஆண்டு முடியுமுன் நம் மாணவர் எழுதுவாராக. கொடுப்போர் அறிந்து கொடுக்கவும், பெறுவோர் நிறைந்து பெறவும் இறைவன் திருவருள் துணைநிற்பதாக.